கொல்லிமலையில் நடந்த முதல் வகுப்பு

மலர்க் குழுத் தம்பிகள் இரண்டு பேர் வீடு தேடி வந்து, "சார், நம்ம ஓவியக் கல்லூரி வரலாறு பத்தி ஒரு கட்டுரை வேணும்" என்றார்கள். வரலாறு எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பெயர் பெற்ற ஓவியனும் அல்லன். அரசுப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியனாகக் காலம் தள்ளி, ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு விஷயம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அது முதலாண்டு மாணவனுக்கு நடக்கும் அரிச்சுவடி வகுப்பு. அந்த வகுப்பின் வரலாற்றையே எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

மூத்த மாணவர்கள் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். இன்றைய மாணவச் செல்வங்கள் கடைசி வரை படிக்க வேண்டும். கடைசியில் ஒரு கோரிக்கை இருக்கிறது.

எழுபது வளைவுகள்

1986-ஆம் ஆண்டு நாங்கள் முதலாண்டு. ஸ்கெட்ச் டூர் என்று கொல்லிமலைக்கு அழைத்துப் போனார்கள். அப்போது அது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். ரயிலில் சேலம், அங்கிருந்து பஸ்ஸில் சேந்தமங்கலம், காரவள்ளி. காரவள்ளியிலிருந்து மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டுவதற்குள் பாதிப் பேருக்குத் தலைசுற்றல். செம்மேட்டில் இறங்கும்போது வகுப்பே வாடிய கீரைக்கட்டு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மாஸ்டர் சொன்னது ஒரே வாக்கியம்: "மலையை வரைஞ்சு கொண்டாங்கப்பா." அவ்வளவுதான். ஆளுக்கொரு பக்கம் போய் உட்கார்ந்தோம். நான் பலாமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் அழகான மலை ஒன்றை வரைந்துவிட்டேன். மூன்று சிகரம், நடுவில் சூரியன், கீழே ஓர் ஓடை.

தலையில் விறகுச் சுமையோடு போன ஒரு மலைவாழ் பாட்டி நின்று எட்டிப் பார்த்தார். "இது எந்த ஊரு மலை சாமி?" என்று கேட்டார்.

"இந்த மலைதான் பாட்டி."

"நம்ம மலைக்கு ஏது சாமி இத்தன மூக்கு?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். உண்மைதான். கொல்லிமலை கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இருந்தாலும் அதன் உச்சி ஒரு மேட்டுநிலம். மேலே ஏறி நின்றால் கூர்ச் சிகரம் என்று ஒன்றும் முன்னால் நிற்பதில்லை. அலையலையாக மேடும் பள்ளமும், சரிவுகளில் படிப்படியாக வயல்கள், சாமையும் ராகியும், இடையில் மிளகுக்கொடி ஏறிய மரங்கள். இதில் ஒன்றுமே என் தாளில் இல்லை. நான் வரைந்தது காலண்டரில் பார்த்த மலை. கண் கொல்லிமலையில் இருந்தது. கை மட்டும் காலண்டருக்குப் போய்விட்டது.

சாயங்காலம் முப்பது படங்களையும் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டிப் பார்த்தால், ஏறத்தாழ எல்லாவற்றிலும் அதே மூக்குதான்! மாஸ்டர் கோபிக்கவில்லை. "இப்பதான்டா கிளாஸ் ஆரம்பிக்குது" என்றார்.

நகல் எடுத்த காலம்

அந்த இரவு அவர் சொன்ன கதையோடு, பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தனியாகத் தொடங்கிய பள்ளி. 1850-களிலேயே அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. நோக்கம் ஓவியர்களை உருவாக்குவது மட்டுமல்ல. நல்ல கைவினைப் பொருள் செய்யும் தொழிலாளிகளை உருவாக்குவதும்தான். அந்தக் காலத்து இந்தியக் கலைப் பள்ளிகளுக்கு லண்டன் சவுத் கென்சிங்டன் பாடத்திட்டமே முன்மாதிரி. முதலில் நேர்கோடு, பிறகு வடிவகணிதம், பிறகு பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து நகல். பல்லவன் செதுக்கிய மண்ணில் பிறந்த பையன் கிரேக்க மூக்கை நகல் எடுத்துக் கை பழகினான்.

இதையும் முற்றாகக் குறை சொல்லக் கூடாது. 1884-இல் தலைமையேற்ற ஈ.பி. ஹேவல் இந்த நாட்டுக் கைவினையின் அருமையை இங்கேதான் கண்டுகொண்டார். பின்னால் கல்கத்தா போய் இந்தியக் கலைக்காக வாதாடினார். 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் காலத்தில் நம் வளாகத்தில் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார்கள். நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் அலுமினியத் தேக்சாவின் பூர்வீகத்தில் நம் கல்லூரிக்கும் பங்கு உண்டு என்று மார்தட்டிக்கொள்ளலாம்!

1920-களின் இறுதியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்தார். கல்லூரியின் முதல் இந்தியத் தலைவர். நகலை விட்டு, உயிருள்ள மனிதனைப் பார்த்து வரை என்றார். மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். அதற்கு மாடலாக நின்றவர்களில் நம் கல்லூரிக் காவலாளியும் ஒருவர் என்பது வளாகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

1919-இல் இரண்டு ஊர்களில்

நவீன ஓவியத்துக்கு என்று ஓர் அரிச்சுவடி வகுப்பு எங்கே தொடங்கியது? ஜெர்மனியில் வைமார் நகரத்தில் 1919-இல் பௌஹவுஸ் பள்ளி தொடங்கியது. அங்கே யோஹன்னஸ் இட்டன் என்ற ஆசிரியர், புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் ஆரம்ப வகுப்பு வைத்தார். கோடு, நிறம், சொரசொரப்பு, வெளிச்சம், நிழல். இவற்றைத் தொட்டுத் தடவி அறிந்த பிறகே மற்றப் பட்டறைகளுக்குள் போகலாம். பின்னால் அந்த வகுப்பை நடத்திய ஜோசப் ஆல்பர்ஸ் மாணவர்களிடம் வெறும் காகிதத்தைக் கொடுத்து, துளிகூட வீணாக்காமல் மடித்து ஒரு வடிவம் செய்யச் சொல்வாராம். 1933-இல் நாஜிகள் காலத்தில் அந்தப் பள்ளி மூடப்பட்டது. ஆனால் அந்த முதல் வகுப்பு மட்டும் உலகம் முழுக்கக் கலைக் கல்லூரிகளில் ஏதோ ஒரு வடிவில் வாழ்கிறது.

அதே 1919-இல்தான் சாந்திநிகேதனில் தாகூரின் கலாபவனமும் தொடங்கியது. அங்கே நந்தலால் போஸ் மாணவர்களை மரத்தடிக்கும் சந்தாலர் கிராமத்துக்கும் அழைத்துப் போனார். 1922 டிசம்பரில் பௌஹவுஸ் ஓவியர்களின் படங்கள் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆக, ஒன்று பட்டறைக்குள், மற்றொன்று வெட்டவெளியில். இரண்டு இடத்திலும் பாடம் ஒன்றே: பழகிப்போன கண்ணை முதலில் கழற்றி வை.

பணிக்கரும் அவர் கேள்வியும்

நம் கல்லூரியில் இந்தப் பாடத்துக்குச் சொந்த விளக்கம் கொடுத்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இங்கேயே படித்து, இங்கேயே ஆசிரியராகி, 1957-இல் முதல்வரானவர். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர். 1954-இல் லண்டன், பாரீஸ் போய்த் தன் படங்களைக் காட்சிக்கு வைத்துத் திரும்பினார். பாரீஸ்காரன் மாதிரி வரைவதுதான் நவீனம் என்றால் நமக்கு அதில் என்ன வேலை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1963 முதல் அவர் வரைந்த சொல்லும் குறியீடும் வரிசைப் படங்களைப் பாருங்கள். ஜாதகக் கட்டம், எழுத்து, எண், நாட்டுப்புறக் குறி, இவையெல்லாம் கேன்வாஸில் வந்து உட்கார்ந்திருக்கும். ஜாதகம் பார்க்க அல்ல, கோடு பார்க்க.

அவரைச் சுற்றி இருந்தவர்களும் அவரவர் வழியில் பதில் தேடினார்கள். சிற்பத்தில் எஸ். தனபால், ஓவியத்தில் எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ். கோயில் கவசத் தகட்டு வேலையிலிருந்து செம்புத் தகட்டுச் சிற்பத்துக்குப் போனார் பி.வி. ஜானகிராம். கோட்டுக்கு முதலிடம் கொடுத்த இந்தப் போக்குக்குப் பின்னால் மெட்ராஸ் இயக்கம் என்று பெயர் வந்தது. 1966-இல் பணிக்கரும் மாணவர்களும் பாத்திக் துணி விற்ற காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார்கள். அரசாங்கமோ மகாராஜாவோ கொடுத்த ஊர் அல்ல. பசங்க துணிக்குச் சாயம் போட்டு வாங்கிய ஊர்.

மலையடிவாரத்துப் பிள்ளை

இங்கே கொல்லிமலைக்குத் திரும்ப வேண்டும். மலைமேல் ஆகாய கங்கையாக விழும் ஐயாறு, புளியஞ்சோலை வழியாகத் துறையூர்ப் பக்கத்துச் சமவெளிக்கு இறங்குகிறது. அந்தத் துறையூருக்குப் பக்கத்தில் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர் கே.எம். ஆதிமூலம். 1960-களில் நம் கல்லூரியில் படித்தவர். 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் கறுப்பு மையால் வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தமிழ்நாடு மறக்காது. சிறுபத்திரிகை அட்டைகளிலும், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்குப் பக்கத்திலும் அவர் கோடு வந்த பிறகு, நவீன ஓவியம் என்றால் புரியாத கிறுக்கல் என்ற பேச்சு நம் வாசகர் மத்தியில் கொஞ்சம் அடங்கியது. பிற்காலத்தில் உருவத்தை விட்டு நிறத்துக்குப் போனார். அந்தப் பெரிய கேன்வாஸ்களில் மலை இல்லை, மரம் இல்லை. ஆனால் நிலம் இருக்கிறது. 2008-இல் அவர் மறைந்தார்.

அந்த இரவு மாஸ்டர் கிழக்கே கை நீட்டி, "அங்க கீழதான் ஆதிமூலம் ஊரு. அவரும் சின்ன வயசுல மலையைப் பாத்துதான் வளர்ந்திருப்பாரு. மூக்கு வெச்சா வரைஞ்சாரு?" என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் தூக்கம் வரவில்லை.

பாவையை வரைந்தது

அடுத்த மூன்று நாளும் மலையை வரையவே விடவில்லை. பலாக்கிளைகளுக்கு நடுவே தெரியும் வானத்தின் வடிவத்தை மட்டும் வரை என்றார். வயல் வரப்புகளைக் கையெடுக்காமல் ஒரே கோட்டில் வரை. குச்சியை மையில் தோய்த்து வரை. கண்ணை மூடிக் கல்லைத் தடவிப் பார், பிறகு அதைக் களிமண்ணில் செய். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் என் தாளில் இருந்தது யாரும் மலை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அது கொல்லிமலையைத் தவிர வேறெதுவும் இல்லை.

கடைசி நாள் எட்டுக்கை அம்மன் கோயில் பக்கம் அழைத்துப் போனார். கொல்லிப்பாவை என்று மக்கள் வணங்குவது அந்த அம்மனைத்தான். சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவை, தெய்வம் எழுதியது என்றும் பூதம் செய்தது என்றும் புகழப்பட்டது. காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் அழகு குலையாதது. சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை என்பது கர்ண பரம்பரைக் கதை. வல்வில் ஓரி ஆண்ட மலையில் புலவர்கள் இப்படிப் பாடிவைத்த அந்தப் பாவையைக் கண்ணால் பார்த்தவர் இன்று யாருமில்லை. "அதை வரைங்கப்பா" என்றார் மாஸ்டர்.

முப்பது பேர், முப்பது பாவை. ஒருவன் வரப்புக் கோட்டாலேயே ஒரு பெண்ணை வரைந்தான். ஒருத்தி கிளை இடுக்கின் வானத்தை முகமாக்கினாள். நான் விறகு சுமந்த பாட்டியின் நடையை வரைந்தேன். ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை. முதல் நாள் முப்பது பேரும் ஒரே மலையை வரைந்தோம். கடைசி நாள் ஒரே பாவையை முப்பது விதமாக வரைந்தோம். நவீன ஓவியத்தின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஒரு கோரிக்கை

இன்று மாணவர்களுக்கு வசதிகள் அதிகம். கொச்சியில் 2012 முதல் பினாலே நடக்கிறது. 2014 முதல் மாணவர்களுக்கென்றே தனிப் பினாலேயும் உண்டு. வீடியோ, இன்ஸ்டலேஷன் எல்லாம் வந்துவிட்டன. நல்லதுதான். "இதுக்கெல்லாம் பென்சில் எதுக்கு சார், வெளியூர் போய் உக்காந்து வரையறது எதுக்கு?" என்று பையன்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இன்று செல்போனில் நாலு வார்த்தை தட்டினால் மலை வருகிறது. சோதித்துப் பார்த்தேன். கொல்லிமலை என்று தட்டினேன். மூன்று சிகரம், நடுவில் சூரியன், கீழே ஓர் ஓடை! என் 1986-ஆம் ஆண்டுப் படம் அப்படியே வந்து நின்றது. காலண்டர் இப்போது இன்னும் வேகமாக வரைகிறது, அவ்வளவே.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். அந்த முதல் வகுப்புதான் சுவர். அதன்மேல் பெயின்டிங் எழுதினாலும் சரி, வீடியோ ஓட்டினாலும் சரி.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள்: ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் ஒரு வாரம் வெளியூர் சென்று வரைய நாம் ஒரு நிதி ஏற்படுத்த வேண்டும். பஸ் கட்டணம் கட்ட முடியாமல் ஒரு பிள்ளைகூடப் பின்தங்கக் கூடாது. எங்கள் வகுப்பில் ஒருவன் அப்படித்தான் வர முடியாமல் போனது. திரும்பி வந்து நாங்கள் சொன்ன கதையை அவன் கேட்டுக்கொண்டிருந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. என் பங்காக ஒரு மாதச் சம்பளத்தை இந்த மலரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

எந்த மலையானாலும் சரி. ஆனால் கொல்லிமலை என்றால் நானும் வருகிறேன். எழுபது வளைவுக்கும் எலுமிச்சம்பழம் என் செலவு.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் மாணவர் கூட்டம்!