தோர்ணக்கல் சென்ற திருநெல்வேலியார்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம், நம் பெரியோரைத் தாயகத்திலேயே தேடுவது வழக்கம். ஆயின், நாம் குடிபுகுந்த மண்ணிலேயே தொண்டாற்றி மறைந்த தமிழரும் உளர். மல்காஜ்கிரியிலும் செகந்தராபாத்திலும் வாழும் நம்மவர் விஜயவாடா வழியே ஊருக்குச் செல்லும்போது, காஜிப்பேட்டைக்கு அப்பால் தோர்ணக்கல் சந்திப்பைக் கடக்கின்றனர். இன்று தெலங்கானாவைச் சேர்ந்த அவ்வூர், அன்று நிஜாம் அரசில் அடங்கியிருந்தது. அதனை உலகறியச் செய்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

இவர் 1874-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மைந்தராகப் பிறந்தார். 1898-இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். அம்மையார் தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் முதன்முதல் கல்லூரிக் கல்வி பெற்றோரில் ஒருவர். வரதட்சணை வேரூன்றியிருந்த சமூகத்தில், அதனைப் பெறாமல் எளிய முறையில் அத்திருமணம் நடந்தேறியது. சமய நம்பிக்கை ஆலயத்தோடு நின்றுவிடலாகாது, இல்லறத்திலும் விளங்க வேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அதனை நிறுவியோருள் அசரியா தலையாயவர். அச்சங்கம் தனக்கெனத் தேர்ந்த களமே தோர்ணக்கல். 1909-இல், முப்பத்தைந்து வயதில், தாமே அங்குச் சென்று தெலுங்கு கற்றார்; மாட்டு வண்டியில் சிற்றூர்தோறும் சுற்றினார். 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மாநாட்டில், மேலைநாட்டார் இந்தியருக்குத் தியாகத்தை மட்டுமன்றிச் சமமான நட்பையும் தர வேண்டும் என்று துணிந்து உரைத்தார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை எய்திய முதல் இந்தியர் அவரே.

அரசியலில் அவர் கொண்ட நிலை நம் கருத்துக்குரியது. 1932-இல் பிரிட்டிஷ் அரசு அளித்த வகுப்புவாரித் தீர்ப்பு, இந்தியக் கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதிகளை வழங்கியது. வலியக் கிடைத்த சலுகையை எவர் மறுப்பர்? அசரியா மறுத்தார். அது திருச்சபையை மற்றோர் அரசியற் சாதியாக்கி, நாட்டு மக்களினின்றும் பிரித்துவிடும் என அவர் அஞ்சினார்.

இதனால் அவர் எல்லாவற்றிலும் தேசியத் தலைவர்களோடு ஒத்துப்போனார் என்று கருதுதல் பொருந்தாது. ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமாக மதம் மாறுவதில் மெய்யான மனமாற்றம் உண்டா என்று காந்தியடிகள் ஐயுற்றார். அசரியாவோ, மாலா, மாதிகா மக்களின் வாழ்வில் நிகழ்ந்த மாறுதலையே விடையாகக் காட்டினார். தனித்தொகுதியை எதிர்த்த அதே வாய், சமய உரிமையை விட்டுக்கொடுக்க இசையவில்லை. இவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. எனினும் இருதிறத்தாரும் தம் கருத்தை மறைக்காமல் வாதிட்ட நேர்மை போற்றத்தக்கது.

பண்பாட்டிலும் அவர் அயல்நாட்டுப் போர்வையை விரும்பவில்லை. வழிபாட்டில் தெலுங்குக் கீர்த்தனைகளுக்கு இடமளித்தார். 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற தோர்ணக்கல் பேராலயத்தில் இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவக் கட்டடக்கலைகள் மூன்றும் இணைந்து விளங்குகின்றன.

1945 ஜனவரி முதல் நாள் அசரியா தோர்ணக்கலிலேயே காலமானார். அவர் பெரிதும் பாடுபட்ட சபை ஒற்றுமை, 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது. 1949-இல் அரசியல் நிர்ணய சபை, சமயச் சிறுபான்மையோர்க்குச் சட்டமன்றங்களில் இடம் ஒதுக்கும் ஏற்பாட்டைக் கைவிட்டபோது, கிறிஸ்தவ உறுப்பினர்களான எச். சி. முகர்ஜியும் ஜெரோம் டிசூசாவும் அதனை ஆதரித்தனர். அசரியா முன்னரே நின்ற இடத்துக்கு நாடு பின்னர் வந்து சேர்ந்தது.

பிற மொழியார் நடுவே வாழும் நமக்கு இதனினும் அண்மையான பாடம் வேறில்லை. நம் நம்பிக்கையையும் தாய்மொழியையும் காத்துக்கொள்ளலாம். ஆயின் வேலி கட்டிக்கொண்டு காத்தல் வேண்டுவதில்லை. அண்டை வீட்டாரின் மொழியைக் கற்று, அவர்தம் இன்ப துன்பங்களில் பங்குகொண்டே அவற்றைக் காக்க இயலும் என்பதற்கு அத்திருநெல்வேலியாரின் வாழ்வே சான்று.