கிடர்பூர்: மின்வழங்கலில் சீரிசைத் திரிபும் நுண்கட்டுப்படுத்திக் கண்காணிப்பும்

சீரிசைத் திரிபைக் கண்காணித்தல் என்பது, 50 ஹெர்ட்ஸ் சைன் அலையாக வரவேண்டிய மின்னழுத்தமும் மின்னோட்டமும் எந்த அளவுக்கு வடிவம் குலைந்துள்ளன என்பதை இடைவிடாது அளந்து பதிவுசெய்வதாகும். விலையுயர்ந்த மின்தரப் பகுப்பாய்விகள் செய்துவந்த இவ்வேலையின் பெரும்பகுதியை இன்று மலிவான நுண்கட்டுப்படுத்திகளைக் கொண்டே செய்ய முடிகிறது. துறைமுகமும் கடைத்தெருவும் சிறுதொழிலும் நெருங்கி அமைந்த கொல்கத்தாவின் கிடர்பூர், இதன் தேவையை விளக்க ஏற்ற பகுதி.

பின்னணி

கிடர்பூர் கப்பல்துறை 1892இல் திறக்கப்பட்டது. நகருக்கு மின்சாரம் வழங்கும் சி.இ.எஸ்.சி. நிறுவனம் 1899இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1902 மார்ச் 27 அன்று கொல்கத்தாவின் முதல் மின்சார டிராம் எஸ்பிளனேடிலிருந்து கிடர்பூருக்கு ஓடியது. டிராம் 550 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் இயங்கியது. கிடர்பூர் வழியே அமைக்கப்படும் ஜோகா–எஸ்பிளனேடு மெட்ரோ தடமும் 750 வோல்ட் நேர்திசை மின்சாரத்தையே பயன்படுத்துகிறது.

மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் அலைதிருத்திகளே சீரிசைகளின் முதன்மை ஊற்று. முன்பு பெரிய துணைநிலையங்களில் மட்டும் நடந்த இந்த மாற்றம் இன்று எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் ஏ.சி., சர்வோ மோட்டார் பூட்டிய தையல் இயந்திரம், பாரந்தூக்கியின் வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டி என எங்கும் நடக்கிறது.

சீரிசைகளும் விளைவுகளும்

சீராக மீளும் எந்த அலையையும் அடிப்படை அதிர்வெண்ணும் அதன் முழு மடங்குகளும் கொண்ட சைன் அலைகளாகப் பிரிக்கலாம் என்பது ஃபூரியேயின் கோட்பாடு. அம்மடங்குகளே சீரிசைகள். 50 ஹெர்ட்ஸின் ஐந்தாம் சீரிசை 250 ஹெர்ட்ஸ். ஏழாவது 350 ஹெர்ட்ஸ். ஆறு துடிப்பு அலைதிருத்தி 5, 7, 11, 13 ஆகிய சீரிசைகளைத் தருகிறது. கோட்பாட்டின்படி ஐந்தாவது அடிப்படை அலையில் 20%, ஏழாவது ஏறத்தாழ 14%, பதினொன்றாவது 9%, பதின்மூன்றாவது 8% இருக்கும். இவற்றின் இருமடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்தச் சீரிசைத் திரிபு சுமார் 27%.

ஒற்றைக்கட்டக் கருவிகள் மூன்றாம் சீரிசையை மிகுதியாக உண்டாக்குகின்றன. மூன்று கட்டங்களிலிருந்தும் வரும் மூன்றாம் சீரிசைகள் ஒன்றையொன்று நீக்காமல் நியூட்ரல் கம்பியில் கூடிவிடுவதால், அக்கம்பியின் மின்னோட்டம் கட்டக் கம்பியினுடையதைப்போல் 1.73 மடங்குவரை உயரக்கூடும். மின்மாற்றிகளில் சுழல் மின்னோட்ட இழப்பு பெருகிச் சூடேறுகிறது.

திறன் காரணியைச் சரிசெய்யப் பொருத்தும் கெபாசிட்டர் தொகுதி இன்னோர் ஆபத்தைக் கொண்டுவருகிறது. 5% மின்மறுப்புள்ள 500 கே.வி.ஏ. மின்மாற்றியில் குறுக்குச்சுற்றுத் திறன் 10 எம்.வி.ஏ. அதில் 200 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டரை இணைத்தால், 50இன் வர்க்கமூலமான 7.07ஆம் மடங்கில் ஒத்ததிர்வு உண்டாகும். அதே இணைப்பில் ஏழாம் சீரிசையைத் தரும் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி ஓடினால் கெபாசிட்டர் எரிந்துபோகவும் கூடும்.

வரம்புகள்

இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் 2007ஆம் ஆண்டு விதிமுறைகள், மின்கட்டமைப்பின் இணைப்புப் புள்ளியில் மின்னழுத்தத் திரிபு 5 விழுக்காட்டையும் எந்தத் தனிச் சீரிசையும் 3 விழுக்காட்டையும் தாண்டலாகாது என முதலில் வரையறுத்தன. ஐ.ட்ரிபிள்.ஈ. 519 தரநிலை, 1 கிலோவோல்ட் வரையிலான இணைப்புகளுக்கு மின்னழுத்தத்தில் மொத்தம் 8%, தனிச் சீரிசைக்கு 5% என வரையறுக்கிறது. மின்னோட்டத்தை அது உச்சத் தேவையோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறது. கடை அடைத்த இரவில் திரிபு விழுக்காடு மிக உயர்ந்து தெரிந்தாலும் உண்மையான சுமை சிறிதே. ஆகவே ஒரு பொழுதின் அளவீடு போதாது. மின்னழுத்தத்துக்கு 10 நிமிடச் சராசரிகளை ஒரு வாரம் திரட்டி, அவற்றில் 95% வரம்புக்குள் உள்ளனவா என்று பார்ப்பதே அத்தரநிலையின் முறை. வாரம் முழுதும் பதிவுசெய்தால் அத்தகைய 1,008 மதிப்புகள் கிடைக்கும்.

கருவியின் அமைப்பு

மின்னோட்டத்தைக் கம்பியைச் சுற்றிப் பூட்டும் பிளவு வளைய மின்மாற்றியோ ரோகோவ்ஸ்கி சுருளோ உணர்கிறது. மின்னழுத்தம் காப்புடைய சிறு மின்மாற்றி வழியே குறைக்கப்படுகிறது. மிகையதிர்வெண்களைத் தடுக்கும் வடிகட்டியைக் கடந்த பின் ஒப்புமை-இலக்க மாற்றி அலையை எண்களாக்குகிறது. வடிகட்டி இல்லையேல் உயர் அதிர்வெண்கள் தாழ் சீரிசைகளாக வேடமிட்டுத் தோன்றும்.

ஐ.இ.சி. 61000-4-7 தரநிலை 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் 10 சுழற்சிகளை, அதாவது 200 மில்லிவினாடிகளை, ஓர் அளவீட்டுச் சாளரமாகக் கொள்கிறது. அதில் 2,048 மாதிரிகள் எடுக்க, வினாடிக்கு 10,240 மாதிரிகள் தேவை. இரண்டு பைட் வீதம் ஒரு தடத்துக்கு 4 கிலோபைட் ஆகும். ஆர்டுயினோ ஊனோவின் ஏடிமெகா328பி சில்லில் நினைவகம் மொத்தமே 2 கிலோபைட் என்பதால் அது இப்பணிக்குப் போதாது. 192 கிலோபைட் நினைவகமும் 12 பிட் மாற்றிகளும் கொண்ட எஸ்.டி.எம்.32எஃப்407 போன்ற சில்லில் மூன்று கட்டங்களின் ஆறு தடங்களையும் வைத்து விரைவு ஃபூரியே உருமாற்றம் செய்யலாம்.

மின்கட்டமைப்பின் அதிர்வெண் எப்போதும் சரியாக 50 அல்ல. அது 49.9 ஆனால் 40ஆம் சீரிசை 1,996 ஹெர்ட்ஸாக நகரும். இந்தச் சாளரத்தின் பகுப்பு இடைவெளி 5 ஹெர்ட்ஸ்தான் என்பதால், அந்த 4 ஹெர்ட்ஸ் நகர்வே மதிப்பைச் சிதறடித்துவிடும். எனவே மாதிரியெடுப்பு வேகத்தை அலையின் சுழி கடக்கும் கணங்களோடு பொருத்திச் சீராக்க வேண்டும். உணரிகளின் கட்டப் பிழையையும் திருத்தாவிட்டால் சீரிசை எந்தத் திசையில் பாய்கிறது என்பது தவறாகத் தெரியும்.

பயனும் எல்லையும்

இத்தகைய கருவி, தகராறுகளில் சான்றாகக் கொள்ளப்படும் ஐ.இ.சி. 61000-4-30 ஏ வகுப்புக் கருவிக்கு மாற்றல்ல. ஒப்பீட்டு அளவீட்டின் மூலம் அளவுதிருத்தம் செய்த பிறகே அதன் எண்களை நம்பலாம். அதன் உண்மையான வலிமை எண்ணிக்கையில் இருக்கிறது. சீரிசை ஓரிடத்தில் தோன்றி வேறோரிடத்தில் கேடு செய்வதால், நுழைவு மீட்டரில் மட்டும் அளந்தால் காரணம் புலப்படாது. மின்மாற்றி, கெபாசிட்டர் தொகுதி, பெரிய சுமைகளின் கிளைகள் என ஒவ்வொன்றிலும் ஒரு கருவியை ஒரே கடிகாரத்தில் இயக்கினால், எந்தச் சுமை தொடங்கும்போது எந்த மடங்கு உயர்கிறது என்று பிரித்தறியலாம்.

தீர்வும் அந்த விடையைப் பொறுத்ததே. ஒத்ததிர்வு என்றால் கெபாசிட்டருடன் 7% தடைச்சுருளைத் தொடரிணைப்பில் சேர்த்து அதன் இசைவதிர்வெண்ணை 189 ஹெர்ட்ஸுக்குத் தாழ்த்தலாம். நியூட்ரல் சூடேற்றம் என்றால் தடித்த கம்பியோ வடிகட்டியோ தேவை. அளவிடாமல் கெபாசிட்டரை மட்டும் கூட்டுவது சிக்கலைப் பெருக்கக்கூடும் என்பதால், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு வாரப் பதிவு எடுப்பது இன்றியமையாதது.