வாசிக்க முடியாத எழுத்துகள்

கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டைத் தற்செயலாகப் புரட்டினார். எண்களும் இயற்கணிதக் குறிகளும் வடிவியல் கோடுகளும் நெருக்கியடித்துக் கிடந்த பக்கங்கள் அவை. கணக்கை விட்டுவிட்டுக் குறிகளின் உருவத்தையே பார்த்தார். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவியத் தொடர் அங்கே முளைத்தது. அப்போது அவர் ஐம்பதைக் கடந்தவர். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர்.

கோவையில் 1911-இல் பிறந்த பணிக்கர், கேரளத்துக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயர் பெற்றிருந்தார். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் மாணவர். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். நவீன ஓவியம் என்றாலே மேற்கைப் பின்பற்றுவதுதான் என்ற நிலை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

புதிய தொடரில் ஜாதகக் கட்டங்கள் வந்தன. பாம்பும் மீனும் பறவையும் வந்தன. மலையாளச் சாயலில் வரிவரியாக எழுத்துகள் ஓடின. மலையாளம் அறிந்தவராலும் அவற்றை வாசிக்க முடியாது. வாசிக்க முடிந்தால் கண் பொருளைத் தேடிப் போய்விடும், நிறத்தைப் பார்க்காது.

கடலுக்கு அப்பால் அமெரிக்க ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸ் (1892–1964) எழுத்தை வேறு விதமாகக் கையாண்டார். 1921-இலேயே ‘லக்கி ஸ்ட்ரைக்’ சிகரெட் உறையை ஓவியமாக்கியவர் அவர். நியூயார்க் தெருவின் கடைப் பலகைகள், விளம்பரங்கள், ஜாஸ் இசையின் துள்ளல் எல்லாம் அவர் கையில் பளிச்சென்ற நிறத்துண்டுகளாயின. 1951-இல் வரைந்த ‘விசா’வில் ‘சாம்பியன்’ என்ற சொல்லை எவரும் படித்துவிடலாம். அவருடைய எழுத்து கடைவீதியிலிருந்து வந்தது, பணிக்கருடையது ஜோதிடர் வீட்டிலிருந்து. ஒருவரைப் பார்த்து மற்றவர் வரைந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை.

சென்னையில் ஓவியத்தை மட்டும் நம்பி வாழ முடியாத காலம் அது. பணிக்கரைச் சுற்றியிருந்த ஓவியர்கள் பத்திக் துணிகள் செய்து விற்றார்கள். சாயம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மறைக்கும் வேலை அது.  அந்த வருமானத்தில் நிலம் வாங்கி, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். இந்தியக் கலை வரலாற்றில் இப்படிச் சொந்த உழைப்பில் எழுந்த குடியிருப்பு அபூர்வம்.

பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவர் முதல்வராக இருந்த காலத்தில் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர் ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஜூனியர் விகடனில் கோட்டோவியம் தீட்டிய அவரைத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவார்கள். பிற்காலத்தில் அவர் கறுப்பு மையை விட்டு எண்ணெய் வண்ணத்துக்கு வந்தார். நிலக்காட்சியை உருவமே இல்லாத நிறப் பரப்புகளாக்கினார்.