லூக்காவின் வரலாற்றுக் குறிப்புகள்: கல்லியோனும் சிரேனியுவும்

விவிலிய நூல்களின் வரலாற்று நம்பகத்தன்மை குறித்த விவாதங்கள் பெரும்பாலும் நூல் முழுமைக்கும் ஒரே தீர்ப்பை வேண்டி நிற்கின்றன. ஒரு கல்வெட்டு துணைநின்றால் அனைத்தும் மெய் என்பர்; ஒரு முரண் வெளிப்பட்டால் அனைத்தும் புனைவு என்பர். லூக்கா நற்செய்தியும் அப்போஸ்தலர் நடபடிகளும் ஒருவரே இயற்றியவை என்பது ஆய்வாளர் பெரும்பான்மையோர் கருத்து. அவ்வாசிரியரின் குறிப்புகளுள் இரண்டை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது.

கொரிந்து நகரில் பவுல், அகாயாவின் அதிபதி கல்லியோன் முன் நிறுத்தப்பட்டதாக நடபடிகள் (18:12) கூறும். கல்லியோன் மெய்யியலாளர் செனெக்காவின் தமையன். டெல்பியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளில் பேரரசர் கிளாடியஸின் மடல் ஒன்று அவரைச் சுட்டுகிறது. பேரரசர் 26ஆம் முறை வெற்றி வாழ்த்துப் பெற்றமையை அது குறிப்பதால் கி.பி. 52ஐ ஒட்டியது எனக் கணிக்கப்படுகிறது. அகாயா கி.பி. 15 முதல் 44 வரை பேரரசரின் நேரடி ஆளுகையில் இருந்து, பின்னரே செனட் அவையிடம் மீண்டது. அதன்பின் அங்கு நிலவிய 'புரோகான்சல்' பதவிக்குரிய கிரேக்கச் சொல்லையே லூக்கா ஆள்கிறார். தெசலோனிக்கே நகர அதிகாரிகளை அவர் 'பொலித்தார்க்' என்பதும் கல்வெட்டுகளோடு பொருந்துகிறது. எனினும் இவை உறுதிசெய்வன பெயர், பதவி, காலம் ஆகியவையே. கல்லியோன் கூறியதாக வரும் உரையை அன்று.

சிரேனியு பற்றிய குறிப்பு (லூக்கா 2:2) வேறுவகையானது. இயேசுவின் பிறப்பு, சிரியாவில் சிரேனியு ஆண்டபோது நடந்த குடிமதிப்போடு அங்கு இணைக்கப்படுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் 'குடிமதிப்பு' என்னும் சொல் மிகப் பொருத்தமானது. அது தலைக்கணக்கு மட்டுமன்று, வரிக்கான உடைமை மதிப்பீடுமாகும். யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், ஏரோதின் மகன் அர்கெலாவு பதவி நீக்கப்பட்டு யூதேயா ரோமின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டபோது, அதாவது கி.பி. 6இல், இம்மதிப்பீடு தொடங்கியதெனத் தெளிவாக எழுதுகிறார். கலிலேயனாகிய யூதாஸின் கலகம் எழுந்ததும் இதனால்தான். ஆனால் லூக்காவின் முதல் அதிகாரம் நிகழ்வுகளை ஏரோதின் காலத்தில் தொடங்குகிறது. மத்தேயுவும் பிறப்பை ஏரோதின் ஆட்சியிலேயே வைக்கிறார். ஏரோது கி.மு. 4இல் இறந்தார் என்பதே பெரும்பாலோர் கணிப்பு.

இடைவெளியை நிரப்பச் சிலர் சிரேனியு முன்னரும் சிரியாவை ஆண்டார் என்பர். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் திவோலிக் கல்வெட்டில் ஆளின் பெயரே சிதைந்து போயுள்ளது. மேலும் ஏரோதின் இறுதி ஆண்டுகளில் சிரியாவை ஆண்டோர் சதூர்னினுவும் வாருவும் என யோசேபஸ் பெயர் சுட்டுகிறார். 'முதலாம்' என்ற சொல்லுக்கு 'முன்பு' எனப் பொருள் கொள்வது இலக்கண அளவில் இயலும். முரண் இல்லாவிடில் எவரும் அவ்வாறு வாசித்திருப்பரா என்பது ஐயமே. சிரேனியுவின் ஆணைப்படி அப்பமேயாவில் 117,000 குடிமக்கள் கணக்கிடப்பட்டதாக அவர்கீழ்ப் பணியாற்றிய அலுவலர் ஒருவரின் கல்வெட்டு உரைக்கிறது. அது குடிமதிப்பு நடந்தமைக்குச் சான்று. ஏரோதின் காலத்தில் நடந்தமைக்குச் சான்றாகாது.

நடபடிகள் 5:36-37இலும் இத்தகைய தடுமாற்றம் உண்டு. தெயுதாஸ் என்பவனுக்குப் பின் குடிமதிப்பின் நாட்களில் யூதாஸ் எழும்பினான் என அங்கு வருகிறது. யோசேபஸின்படி தெயுதாஸ், ஆளுநர் பாதுவின் காலத்தவன், அதாவது யூதாஸுக்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பிந்தியவன். அவன் வேறொரு தெயுதாஸ் என்பாரும் உளர். அதற்குத் தனிச்சான்று இல்லை.

ஏகேயன் கடற்கரை நகரங்களைப் பற்றி எழுதுகையில் ஆசிரியர் நெருங்கிய தகவல்களைப் பெற்றிருக்கிறார். யூதேயாவின் முந்தைய தலைமுறையைப் பற்றி எழுதுகையில் புகழ்பெற்ற ஒரு நிகழ்வைக் காலக்குறியாகப் பற்றிக்கொண்டு வழுவுகிறார் என்றே கொள்ளத் தோன்றுகிறது. திபேரியுவின் 15ஆம் ஆண்டை (கி.பி. 28-29) ஒட்டி இயேசுவுக்கு ஏறக்குறைய முப்பது வயது என்னும் அவருடைய மூன்றாம் அதிகாரக் கணக்கும் இதற்குத் துணைநிற்கிறது. கி.பி. 6இல் பிறந்தவருக்கு அப்போது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோதான் ஆகியிருக்கும். ஆகவே பிறப்பின் காலத்தைக் கணிப்போர் கைவிட வேண்டியது ஏரோதையன்று, சிரேனியுவையே.