நூலகத்தில் வகுப்பறை கண்டவர்

நூல்களைக் காப்பதே நூலகர் பணி என்று எண்ணுவோர் பலர். அவர் ஆசிரியருமாவார் என்பதை வாழ்ந்து காட்டியவர், 1892-ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். மாணவர் முகம் கண்டு பழகியவருக்கு அங்கிருந்த தனிமை பெருஞ்சுமையாயிற்று. சில நாட்களிலேயே பழைய பணிக்குத் திரும்ப விழைந்தார். இலண்டன் சென்று பயின்ற பின்னரும் மனம் ஒட்டாவிடில் மீளலாம் என்றனர்.

இலண்டனிலோ, எல்லாத் தரத்து மக்களும் நூலகத்தால் பயன்பெறுவதைக் கண்டார். கல்லூரிக்கு மீளும் எண்ணம் அகன்றது. 1925-இல் திரும்பியவர், வாசகர் தாமே நூலெடுக்கும் வண்ணம் அடுக்குகளைத் திறந்துவிட்டார். தேடுவோர்க்கு வழிகாட்டத் துணைவரை அமர்த்தினார். 1929-இல் நூலகர்களுக்கே பயிற்சி வகுப்புத் தொடங்கிற்று, மீண்டும் ஆசிரியரானார். நூல் பயன்பாட்டிற்கே என்பதை முதல் விதியாகக் கொண்ட அவரது ஐந்து விதிகள் 1931-இலும், கோலன் பகுப்புமுறை 1933-இலும் நூலாக வெளிவந்தன.

அவர்தம் இடையறா முயற்சியின் கனியே 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம். சொத்துவரியோடு நம் பெற்றோர் செலுத்தும் நூலக வரி அச்சட்டத்தின் வழி வந்ததே. ஆகவே, அயனம்பாக்கத்து மாணவருக்கும் நூலகம் உரிமையிடம். நூலகரை அணுகி வினவத் தயங்காதீர்கள். அவ்வினாவே அவரை ஆசிரியராக்குகிறது.