த்ரோட்டல் பாடி வெந்நீர்க் குழாய்: துண்டிப்பதால் லாபமா, நஷ்டமா?

காரின் பானட்டைத் திறந்தால், ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய ரப்பர் குழாய் ஓர் அலுமினியப் பாகத்தில் போய் முடிவதைக் காணலாம். அதுதான் த்ரோட்டல் பாடி. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அதனுள் இருக்கும் வட்டத் தகடு திறந்து இன்ஜினுக்குள் காற்றை விடுகிறது. பல கார்களில் இந்தப் பாகத்தோடு விரல் பருமனில் இரண்டு சிறு குழாய்கள் இணைந்திருக்கும். ஒன்றின் வழியாகச் சூடான கூலண்ட் உள்ளே செல்கிறது. மற்றொன்றின் வழியாக வெளியேறுகிறது.

இந்த இரண்டையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும், கார் வேகமெடுக்கும் என்ற பேச்சு இளைஞர்களிடையே நெடுநாளாக உண்டு. அதில் உண்மை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கை வைப்பது நல்லது.

வெந்நீர் எதற்கு?

குளிர் நாடுகளில் ஈரக்காற்று பாதி திறந்த தகட்டைக் கடக்கும்போது அழுத்தம் குறைந்து மேலும் குளிர்கிறது. வெளியே உறைநிலைக்குச் சற்று மேலான வெப்பம் இருந்தாலும், தகட்டின் ஓரத்தில் பனி படியலாம். தகடு அசையாமல் சிக்கிக்கொண்டால் ஆபத்து. அதைத் தடுக்கவே வெந்நீர் ஓடுகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த ஆபத்து இல்லை. கேமரன் மலையின் இரவுக் குளிர்கூட அந்த அளவுக்குப் போவதில்லை. ஆகவே பனியைத் தடுக்கும் வேலை மட்டும்தான் என்றால், நம் ஊரில் இந்தக் குழாய் தேவையில்லை என்பது சரியே.

லாபம் எவ்வளவு?

1.3 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில், தகடு முழுதாகத் திறந்த நிலையில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். த்ரோட்டல் பாடியின் வாய் 5 செண்டிமீட்டர் என்றால், காற்று அதைக் கடக்க ஒரு விநாடியில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கு நேரமே ஆகும். அதற்குள் காற்று எவ்வளவு சூடேற முடியும்? 3 டிகிரி குறைவதாகவே கணக்கிட்டாலும் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1 விழுக்காடுதான் கூடும். 100 குதிரைத்திறன் கொண்ட காரில் அது ஒரு குதிரைத்திறன். ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது.

அதைவிட, காற்றை உள்ளிழுக்கும் பிளாஸ்டிக் குழாய் கழன்றோ கிழிந்தோ இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். கழன்ற குழாய் வெளிக்காற்றை விட்டுவிட்டு, இன்ஜின் அறையின் அனல் காற்றைத்தான் இழுக்கும்.

குழாய்க்கு வேறு வேலையும் உண்டு

நஷ்டம் வருவது இங்கேதான். புரோட்டோன் வீரா காலத்து மிட்சுபிஷி இன்ஜின்கள், பழைய ஹோண்டா இன்ஜின்கள் போன்றவற்றில் த்ரோட்டல் பாடியோடு ஒரு மெழுகு வால்வு இருக்கும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது திறந்து கூடுதல் காற்றை விடும். அதனால்தான் ஐட்லிங் உயர்ந்து நிற்கிறது. கூலண்ட் சூடானதும் மெழுகு விரிந்து வால்வை மூடும். ஐட்லிங் வழக்கமான 800 சுழற்சியளவுக்கு இறங்கும்.

அந்த வால்வுக்கு வெந்நீர் போகாவிட்டால், இன்ஜின் சூடான பிறகும் ஐட்லிங் இறங்காமல் நிற்கலாம். பெட்ரோல் வீணாகும், ஆட்டோ கியர் காரில் பிரேக்கை விட்டதும் வண்டி முன்னே பாயப் பார்க்கும்.

வேறு சில இன்ஜின்களில், உள்ளே சிக்கிய காற்றும் நீராவியும் வெளியேறும் பாதையாகவும் இதே குழாய் பயன்படுகிறது. அதன் வாயை அடைத்துவிட்டால் காற்று உள்ளேயே தங்கி இன்ஜின் கொதிக்கலாம்.

எப்போது அவசியமாகிறது?

த்ரோட்டல் பாடியின் உட்பாதை அரித்துப்போய் அல்லது கேஸ்கெட் கெட்டுப்போய், கூலண்ட் இன்ஜினுக்குள் கசிவதுண்டு. தரையில் ஒரு சொட்டும் இருக்காது; ஆனால் கூலண்ட் குறைந்துகொண்டே வரும், புகைபோக்கியில் வெள்ளைப் புகை தெரியலாம். ஹெட் கேஸ்கெட் போனாலும் இதே அறிகுறிகள்தான். குழாயை மாற்றி இணைத்துச் சில நாள் பார்த்தால், கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க உதவும். ஹெட்டைக் கழற்றும் பெருஞ்செலவுக்கு முன் செய்து பார்க்கத்தக்க சோதனை இது.

நெடுந்தூரப் பயணத்தில் இந்தச் சிறு குழாய் வெடித்தாலும் இதே முறை வீடு வந்து சேர உதவும். ஆனால் இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். தண்ணீர் முழுதும் வடிந்துவிட்டால் வெப்பமானி முள் உண்மையைக் காட்டாமல் போகலாம். முள் ஏறவில்லையே என்று நம்பி ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும்.

செய்யும் முறை

இன்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். கூலண்ட் 90 டிகிரியைத் தொட்டு, அழுத்தத்தோடு இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும்.

இரு குழாய்களையும் கழற்றி, அவற்றின் உள்ளளவுக்குப் பொருந்தும் பித்தளை இணைப்பானால் சேர்த்து, இரு பக்கமும் கிளிப் போட வேண்டும். குழாயின் வாயை அடைக்கக் கூடாது; ஓட்டம் தொடர வேண்டும். வெடிப்பு விட்ட பழைய ரப்பரைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

பிறகு அதே வகைக் கூலண்டை ஊற்றி, காற்றை வெளியேற்றி, ராடியேட்டர் காற்றாடி சுழலும்வரை இன்ஜினை ஓடவிட்டுக் கசிவைப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் இன்ஜின் ஆறியதும் அளவை மீண்டும் சரிபார்க்க வேண்டும். சிந்திய கூலண்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. குழந்தைகளும் நாய் பூனைகளும் நெருங்குமுன் கழுவிவிட வேண்டும்.

உத்தரவாதக் காலம் முடியாத கார்களில் இதைத் தொடாமல் இருப்பதே மேல். ஐட்லிங் தடுமாறுகிறது என்பதற்காக யாராவது குழாயைத் துண்டிக்கச் சொன்னால், முதலில் த்ரோட்டல் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்து பார்க்கலாம். பல வண்டிகளில் கோளாறு அதோடு தீர்ந்துவிடும்.