லாரிக்குள் வந்த சாமி

சங்ககிரி லாரிக்காரர்களின் ஊர். முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டிய சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக் கும்பிட்ட பிறகே ஓட்டுநர் சாவியைத் திருகுவார். பல வண்டிகளில் அது பழனி முருகன் படம்.

இதே காவல் வேலையை 600 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஒரு காகிதம் பார்த்தது. குழந்தை ஏசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபர். அடியில் 1423 என்ற ஆண்டு. வழிப்போக்கர்களின் காவலரான அவர் முகத்தைப் பார்த்தால் அன்றைக்குத் துர்மரணம் இல்லை என்று நம்பினார்கள். புக்ஸ்ஹைம் மடத்துச் சுவடி ஒன்றின் அட்டைக்குள் ஒட்டியிருந்த அந்தப் படம் இப்போது மான்செஸ்டரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட படத்துக்கு மரப்பலகையில் கோடுகளை மட்டும் விட்டு மற்றதைச் செதுக்கி எறிவார்கள். மை தடவிக் காகிதத்தை அழுத்தினால் படம் தயார், வண்ணம் கையால். ஒரே பலகையில் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம் என்பதால் விலை மலிவு. ஐன்சீடல்ன், ஆல்ட்டோட்டிங் மாதா கோயில்களுக்கு நடந்துபோன ஏழைகளும் ஒன்று வாங்கி வந்து வீட்டில் ஒட்டினார்கள். பின்னாளில் தபால்தலை அளவுப் படங்களை நோயாளிகள் விழுங்கவும் செய்தார்கள். திருநீற்றைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

இத்தாலியின் ஃபோர்லியில் 1428-ல் ஒரு பள்ளிக்கூடம் எரிந்தது. சுவரிலிருந்த மாதா படம் மட்டும் கருகவில்லை என்றார்கள். பேராலயத்துக்குப் போன அந்தக் காகிதத்தைத் தரிசிக்கவே கூட்டம் வந்தது.

சங்ககிரிக்குப் பக்கத்து எடப்பாடியிலிருந்து தைப்பூசத்தை ஒட்டிக் காவடிக் கூட்டம் காவிரியைத் தாண்டிப் பழனிக்கு நடக்கிறது. மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு; பஞ்சாமிர்தத்தை டன் கணக்கில் அங்கேயே பிசைகிறார்கள். அடிவாரப் படக்கடைகளில் இரண்டு முருகன்கள் கிடைப்பார்கள். ஆண்டிக் கோலம் வீட்டுக்கு ஆகாது என்பவர்கள் ராஜ அலங்காரத்தை வாங்குவார்கள்.

இந்தப் படங்களின் பூர்வீகம் மரமல்ல, கல். ஓவியர் ரவிவர்மா 1894-ல் ஜெர்மன் இயந்திரங்களைத் தருவித்துப் பம்பாயில் கல்லச்சகம் தொடங்கினார். பிறகு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்த கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கிவிட, அவரும் சீடர்களும் தீட்டிய தெய்வங்களைச் சிவகாசி காலண்டர்களாக அச்சடித்து ஊரெங்கும் அனுப்பியது. தேர் வராத தெருவுக்கும் அவை போயின.

சென்னை மாகாணக் கோயில்கள் அந்தத் தெருக்காரர்கள் உட்பட எல்லாச் சாதி இந்துக்களுக்கும் சட்டப்படி திறந்தது 1947-ல்தான். ரவிவர்மாவின் அச்சகம் அதற்கு 53 ஆண்டுகள் மூத்தது.